மூன்றாம் எட்வர்டுக்கு ஒரு பால் காவடி

புலிக்கால் தோட்டத்து ராஜசேகரன் கிராணி ஆட்டுக்கறியை விட்டதற்கும் தெய்வத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டால் தூக்கம் வந்தது, தூக்கம் வந்தால் படிப்பு போயிற்று, அதனால் விட்டார். இவ்வளவுதான் விஷயம். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் தெரியுமா? ஓர் ஆள் நம்ப வேண்டுமே.

தோட்டம் மலாயாவில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து எட்டு மைல் உள்ளே. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடல்மேல் பாலம் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். கிராணியின் வேலை ஆள் எண்ணுவது, ரப்பர்ப் பால் நிறுப்பது, செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேடு எழுதுவது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட ஆரம்பித்தால் சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டும் வரை உட்கார நேரமிருக்காது. இந்த வேலையில் இருந்துகொண்டுதான் மனிதர் எம்.ஏ. படித்தார். லண்டனில் ஏதோ ஒரு தபால் கல்லூரி. அங்கேயிருந்து பாடம் கப்பலில் வரும், இங்கேயிருந்து கட்டுரை கப்பலில் போகும். படித்தது சரித்திரம். அதிலும் மூன்றாம் எட்வர்ட் என்ற ராஜா அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஆட்டு ரோமத்துக்கு எப்படி வரி போட்டான் என்பது. சுற்றிலும் ரப்பர் மரம். கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆடு கிடையாது. ஆனாலும் அவருக்கு அந்த வரியைப் பற்றித் தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஏன் என்று கேட்டால், காரணம் கும்பகோணத்தில் இருந்தது. அவர் பெண்டாட்டி செல்லத்தின் அக்காள் புருஷன் கனகராஜ், எம்.ஏ. அந்த ஆசாமி எழுதுகிற ஒவ்வொரு கார்டிலும் பேருக்குப் பின்னால் எம்.ஏ. இருக்கும். கல்யாணச் சேதிக்கும் எம்.ஏ., காய்ச்சல் சேதிக்கும் எம்.ஏ. ஒரு தடவை இப்படி வந்தது: "நம் வெள்ளாடு நேற்றுக் காலமாயிற்று. இப்படிக்கு, கனகராஜ், எம்.ஏ."

செல்லம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செத்தது ஆடு. அதுக்கு எதுக்குங்க எம்.ஏ.?"

"இருக்குறவன் போட்டுக்கறான்" என்றார் கிராணி.

"உங்களுக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அக்காள்மேல் சின்ன வயசிலிருந்தே ஆற்றாமை. இவருக்கோ அந்த இரண்டு வார்த்தை நெஞ்சில் தைத்து அங்கேயே இருந்துவிட்டது. அன்றைக்கு அனுப்பிய விண்ணப்பம்தான். நாலு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், தவறினால் பேரை எடுத்துவிடுவோம் என்பது கல்லூரியின் விதி. கட்டுரையெல்லாம் எழுதியாயிற்று. சிங்கப்பூரில் நேரில் உட்கார்ந்து எழுத வேண்டிய மூன்று மணி நேரப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொரு வருஷமும் அதற்கு லீவு கேட்டார், ஒவ்வொரு வருஷமும் கிடைக்கவில்லை. இப்போது நடப்பது நாலாவது வருஷம்.

"இந்த வருஷம் எழுதலைன்னா, பொஸ்தகம் பூராவும் அடுப்புக்குத்தான்" என்று செல்லம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அதனால் மனிதர் படிப்பைக் கடுமையாக்கினார். கறியை விட்டார். சவரம் பண்ண நேரமில்லாமல் தாடி வளர்ந்தது. கட்டிலில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று முன்கட்டில் வெறுந்தரையில் தனியாகப் படுத்தார். மரத்துக்கு மரம் நடக்கும்போது வரிவிகிதங்களை முணுமுணுத்தார். பெரட்டில் ஒருநாள் அரைத் தூக்கத்தில் செக்ரோலைப் பிரித்து, "மூன்றாம் எட்வர்ட்" என்று கணீரென்று கூப்பிட்டுவிட்டார்.

நூற்று இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பெரிய கங்காணி வீரமுத்து தொண்டையைச் செருமினார். "அந்த ஆளு இன்னிக்கு வரலீங்கய்யா."

கிராணி 'ஆப்சென்ட்' போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இதெல்லாம் பேசப்படாமல் இருக்குமா? கறி இல்லை, சவரம் இல்லை, பெண்டாட்டி பக்கத்தில் படுப்பதில்லை, வாய் எந்நேரமும் ஏதோ ஜபிக்கிறது. கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. பால்வெட்டு அங்கம்மா கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள், கிராணி பிள்ளை வரம் கேட்டு முருகனுக்கு விரதம் இருக்கிறார் என்று. மறுநாளிலிருந்து கிராணி வீட்டு வாசலில் வாழைப்பழச் சீப்பும் ஒரு செம்புப் பசும்பாலும் வந்து உட்கார ஆரம்பித்தன. ஒரு கிழவர் செக்ரோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிராணி வீரமுத்துவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார். இது படிப்பு, லண்டன்காரன் பாடம் அனுப்புகிறான், பரீட்சை எழுதினால் பட்டம் தருவான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வீரமுத்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"என்ன பாடமுங்க?"

"ஆட்டு ரோமத்துக்கு வரி."

வீரமுத்துவின் முகம் தெளிந்தது. "அதான் ஆட்டுக்கறி சாப்பிடுறதில்லயா?"

"ஐயோ, அதுக்கில்ல கங்காணி. தூக்கம் வருது."

"சரிங்கய்யா, நீங்க அதைப் படிப்புங்கறீங்க. கறி இல்லாம, பொண்டாட்டி இல்லாம, தூக்கம் இல்லாம ஒரு மனுசன் மாசக் கணக்குல கெடந்தா அதுக்கு எங்க பக்கம் விரதமுன்னு பேரு. எல்லாம் ஒண்ணுதான். வெளிய சொல்ல வேணாமின்னா நான் சொல்லல."

வெளியே சொல்லவில்லைதான். லயம் முழுக்கச் சொன்னார்.

பரீட்சைத் தேதி வந்தது. பார்த்தால் தைப்பூசத்தன்று. லண்டன்காரனுக்குத் தைப்பூசமா தெரியும்? கிராணி விண்ணப்பத்தோடு துரையிடம் போய் நின்றார். துரை தமிழ் பேசுவார், எல்லாரையும் நீ வா போ என்றுதான்.

"கிராணிக்கு எம்.ஏ. என்னாத்துக்கு? எம்.ஏ. வந்தா பால் கூட வருமா?"

"வராதுங்க, ஆனா..."

"அப்ப லீவு இல்லே. போ."

நாலு வருஷம் ஒரே வார்த்தையில் போயிற்று. கிராணி ஆபீசுக்கு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனிதர் அழுதார். நாற்பது வயசு நெருங்கும் ஆள், கையில் குடையோடு, மூக்கு ஒழுக அழுதார். வீரமுத்து அந்தப் பக்கமாக வந்தார். விஷயத்தைக் கேட்டார், தலைப்பாகையைச் சரி பண்ணிக்கொண்டு நேரே உள்ளே போனார்.

வீரமுத்துவுக்குத் துரையின் பலவீனம் தெரியும். முந்தின துரை ஒரு வருஷம் தைப்பூசத்துக்கு லீவு தராமல் இருந்த அதே வாரம், பங்களாக் குளியலறைமேல் ஒரு பலாமரம் விழுந்தது. துரை அப்போது உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதை இந்தத் துரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதே குளியலறையில்தான் இவரும் குளிக்கிறார்.

ஐந்து நிமிஷத்தில் வீரமுத்து வெளியே வந்தார். "கெடச்சிருச்சுங்க. கிராணி ஐயா காவடி எடுக்குறாரு, கூடப் பதினெட்டு பேரு வர்றோம், ரப்பர் ஏத்துற லாரியும் குடுத்துட்டாரு. மூணு வருசத்து வேண்டுதலுன்னு சொன்னேன், நல்லதுன்னு டைரியில எழுதிக்கிட்டாரு."

கிராணியின் காதில் 'கெடச்சிருச்சு' என்பதற்கு அப்புறம் ஒன்றுமே ஏறவில்லை. கங்காணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். காவடி சங்கதி மறுநாள்தான் உறைத்தது, அதற்கும் தலையாட்டிவிட்டார். அதிகாலையில் காவடியை எடுத்து ஒன்பது மணிக்குள் கோயிலில் இறக்கிவிட்டால், பத்து மணிக்குப் பரீட்சையில் உட்கார்ந்துவிடலாம். மண்டபமும் காவடி போகிற வழியிலேயே இருக்கிறது. கணக்கு மிகச் சரியாக இருந்தது.

கணக்கில் வழியிலிருந்த செனாய் என்கிற ஊர் மட்டும் விட்டுப்போயிற்று. தைப்பூசத்தன்று இருட்டோடு கிளம்பிய லாரி செனாய்க்குப் பக்கத்தில் சூடேறிப் புகைந்து நின்றது. தண்ணீர் தேடிக் கொண்டுவந்து ஊற்றி, எல்லாரும் இறங்கித் தள்ளி, அது மனசு இரங்கிப் புறப்படுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. சிங்கப்பூரில் கிராணி மஞ்சள் வேட்டி கட்டி, உடம்பெல்லாம் திருநீறு பூசி, மயிலிறகு வைத்த பால் காவடியைத் தோளில் ஏற்றியபோது மணி ஒன்பது. இடுப்பில் ஒரு பேனா, ஒரு மைக்கூடு, பரீட்சைச் சீட்டு. தெருவில் ஒரே கூட்டம். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோயில் இன்னும் ஒரு மைல் தள்ளி இருந்தது. பரீட்சை மண்டபம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில், எதிர்ச்சாரியில் நின்றது.

கிராணி சட்டென்று தெருவைக் கடந்து மண்டபத்துக்குள் திரும்பினார். பதினெட்டு பேரும் உறுமிமேளத்தோடு பின்னாலேயே வந்தார்கள்.

வாசலில் மேற்பார்வையாளர் பெர்னார்ட் நின்றார். வெள்ளைக்கோட்டும் டையும் போட்ட வேதக்காரத் தமிழர், ஒல்லியான ஆள், கையில் விதிப்புத்தகம். கழுத்தில் ஜெபமாலை. எதிரே ஒரு காவடி வருவதைப் பார்த்து, "கோயில் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார்.

"நான் பரீட்சைக்கு வந்திருக்கேன். ராஜசேகரன், பி.ஏ." கிராணி இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அதில் திருநீறு அப்பியிருந்தது.

பெர்னார்ட் சீட்டை ஊதிவிட்டுப் படித்தார். சீட்டு சரியாகத்தான் இருந்தது. "அலமாக்" என்று மலாயில் அங்கலாய்த்தார். "நீங்க உள்ள போலாம். காவடி போக முடியாது. பேனா, மை தவிர எழுதுறவங்க எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு போட்டிருக்கு. வெளிய வச்சிட்டு வாங்க."

அங்கேதான் சிக்கல். எடுத்த காவடியைச் சன்னிதி போய்ச் சேரும் வரை கீழே வைக்கக் கூடாது. வைத்தால் அந்த விரதம் அத்தனையும் வீண், கூட வந்த பதினெட்டு பேருக்கும் தோஷம். விரதம் சுத்தமாக இருந்த வேறோர் ஆள் வேண்டுமானால் தோள் மாற்றிக்கொள்ளலாம்.

"கங்காணி, பிடிங்க" என்றார் கிராணி.

வீரமுத்து ஓர் அடி பின்னால் போனார். தரையைப் பார்த்தார். "ஐயா, தப்பா நெனக்காதீங்க. நேத்து சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கம் ஒரு வேலையாப் போனேன்."

கிராணி அடுத்த ஆளைப் பார்த்தார். அவனுக்குச் செனாயில் லாரி நின்றபோது யாரோ முட்டை கொடுத்திருந்தார்கள். அதற்கடுத்தவன் புதுமாப்பிள்ளை, அவன் முகம் சிவந்தது. நாற்பத்தெட்டு நாளும் ஊருக்கெல்லாம் விரதம் சொல்லிக்கொடுத்த அங்கம்மாகூட, "கருவாடுதாங்க, ஒரே துண்டு. வாசனைக்கு" என்றாள். பதினெட்டு பேரில் ஒருவர் தேறவில்லை. உள்ளே மணி அடித்தது.

கிராணி பெர்னார்ட் பக்கம் திரும்பினார். "இது எனக்குக் கடைசி வருஷம் சார். இன்னிக்கு எழுதலைன்னா பேரை எடுத்துடுவாங்க. கீழ வச்சா இவங்களுக்கு ஆகாது. நான் என்ன பண்ண?"

பெர்னார்ட் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் வீரமுத்துவிடம் தணிந்த குரலில் கேட்டார். "விரதம்னா உங்களுக்கு என்னென்ன கணக்கு?"

"கறி, மீனு, முட்ட கூடாதுங்க. தண்ணி கூடாது. தனியாப் படுக்கணும்."

பெர்னார்ட் பெருமூச்சு விட்டார். "எனக்கு வயித்துப் புண்ணு. ஆறு மாசமா வெறும் கஞ்சி. டாக்டர் எதையும் தொட விடல. வீட்டுக்காரி கண்ண மூடி எட்டு வருஷம் ஆச்சு."

பதினெட்டு பேரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். இவ்வளவு சுத்தமான விரதக்காரரை அவர்கள் ஆயுசில் கண்டதில்லை. அங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாதா திருநாளுக்கு நாங்களும் தேர் தூக்குவோம், நடுவழியில கீழ வைக்க மாட்டோம்" என்று பெர்னார்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எழுதுறவங்க கொண்டு வரக்கூடாதுன்னுதான் விதியில இருக்கு. மேற்பார்வை பாக்குறவனப் பத்தி ஒண்ணும் போடல." கோட்டைக் கழற்றினார், செருப்பை விட்டார், தோளைக் கொடுத்தார்.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் பரீட்சை எழுதியவர்கள் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார்கள். மேற்பார்வையாளர் ஜெபமாலையும் டையும் மயில் காவடியுமாக வரிசைக்கு வரிசை நடந்தார். யாராவது பக்கத்துத் தாளைப் பார்த்தால் காவடியோடு அவர்முன் வந்து நின்றார், காவடி மணி கிணுகிணுத்தது. ஜன்னலுக்கு வெளியே பதினெட்டு பேர் மேளம் அடிக்க அனுமதியில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கிராணி இரண்டாவது கேள்வியில் ஆட்டு ரோம வரி மறந்துபோய்ப் பேனாவைக் கடித்தபோது, வீரமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயாவுக்கு அருள் எறங்குது, வேல் சொல்லுங்க" என்றார். பதினெட்டு பேரும் கிசுகிசுப்பாக, வெறும் மூச்சில், "வேல் வேல்" என்றார்கள். வரி ஞாபகம் வந்ததா, வந்தது சரியானதுதானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மனிதர் எழுத ஆரம்பித்தார், மணி அடிக்கும் வரை நிமிரவில்லை.

ஒரு மணிக்குக் காவடி தோள் மாறியது. பெர்னார்டும் கூடவே கோயில் வரை நடந்து வந்தார். பாதியில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்றார்.

ஜூன் மாதம் லண்டனிலிருந்து உறை வந்தது. தேர்ச்சி. கடைசி வகுப்பில்தான், ஆனாலும் தேர்ச்சி. அதே வாரம் செல்லத்துக்கு மூன்று மாதம் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். செல்லம் அக்காளுக்குக் கார்டு எழுதினாள். "நாங்கள் சௌக்கியம். இப்படிக்கு, செல்லம், கணவர் ராஜசேகரன், எம்.ஏ." என்று இரண்டே வரி. எம்.ஏ.வை மட்டும் சிவப்பு மையில் எழுதினாள். எழுதி முடித்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு நாலு வருஷம் தகும் என்று கிராணிக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தாள். எலும்பும் கொழுப்புமாக நல்ல ஆட்டுக்கறி. கிராணி சவரம் பண்ணிக் குளித்து இலைமுன் உட்கார்ந்தார். முதல் துண்டை எடுக்கக் கை போன நேரம், வாசலில் செருமல் கேட்டது. வீரமுத்து. பின்னால் அங்கம்மாவும் மற்றவர்களும்.

"அம்மா விசயம் கேள்விப்பட்டோமுங்க. ரொம்ப சந்தோசம். சாமி முதல் வருசமே கண்ணத் தொறந்துட்டாரு. இன்னும் ரெண்டு வருசம் நல்லபடியா முடிச்சிட்டா எல்லாம் நெறஞ்சிரும்."

"என்ன ரெண்டு வருஷம்?"

"மூணு வருசத்து வேண்டுதலுங்களே."

"காவடி வேணும்னா எடுக்கறேன் கங்காணி. பரீட்சை முடிஞ்சுபோச்சு."

"அது எப்பிடிங்க? எடுத்தத அப்பிடியேதான எடுக்கணும்? இந்த வருசம் நடுவுல எறங்கி எழுதிட்டுப் போனீங்க, அடுத்த வருசம் எழுதாமப் போனா சாமி கேக்குமில்ல? தொரையும் ரெண்டு வருசத்துக்கும் லாரியோட எழுதி வச்சிருக்காரு." வீரமுத்து மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "அந்த வேதக்கார ஐயாவும் எழுதியிருக்காரு, படிச்சுப் பாருங்க."

பெர்னார்ட் எழுதியிருந்தார். காவடி தூக்கிய நாளிலிருந்து வயிறு வலிக்கவில்லையாம். டாக்டர் மீன் சாப்பிடலாம் என்றாராம். ஆனால் மூன்று வருஷக் கணக்கு என்று கேள்விப்பட்டதால் கஞ்சியையே தொடர்வதாகவும், அடுத்த தைப்பூசத்துக்கு ராஜசேகரன் என்ன பரீட்சை எழுதுவதாக உத்தேசம் என்று தெரிவிக்கவும் எழுதியிருந்தார்.

கிராணி செல்லத்தைப் பார்த்தார். புத்தகத்தை அடுப்பில் போடுவேன் என்றவள் அவள்தான். பகுத்தறிவு உள்ளவள், ஆட்டுக்கு எதற்கு எம்.ஏ. என்று கேட்டவள். அவள் இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டுவாள் என்று நம்பிப் பார்த்தார்.

செல்லம் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எதுக்குங்க வம்பு? எழுதிட்டு வந்துடுங்களேன். அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு எம்.ஏ.தானே இருக்கு."

சொல்லிக்கொண்டே குனிந்து, குழம்புச் சட்டியை இலைக்கு முன்னாலிருந்து எடுத்து வீரமுத்துவின் கையில் கொடுத்தாள்.

வீரமுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கிராணியின் முகத்தையும் பார்த்தார். அவருக்கே பாவமாக இருந்தது.

"ஒண்ணு செய்யிங்கய்யா" என்றார். "இந்தத் தடவ மாட்டப் பத்திப் படிங்க. மாட்டுக்கறி நீங்க எப்பவும் தொடுறதில்லையே. ஆட்டுக்கறி உங்களுக்குத் தப்பிச்சிரும்."

கிராணி வெறும் சோற்றைப் பிசைந்தார். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டுத்தோலுக்கு யார் என்ன வரி போட்டிருப்பான் என்று அவர் மனசு தானாகவே யோசிக்க ஆரம்பித்திருந்தது.